தோட்டா இருக்கும் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

போர்வைக்கும் முருகன் மலைக்கும் பேர்போன சென்னிமலையில் துப்பாக்கியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச்சு இருக்கிறது. சென்னிமலை, அரச்சலூர், சிவகிரி, காங்கயம் பக்கமெல்லாம் தோட்டத்துச் சாளைகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றில் அப்பாரு காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பீரோவில் இருக்கும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி பக்கம் தனியாக இருந்த முதிய தம்பதி. அதற்குப் பிறகு, "எங்களுக்கும் ஒரு லைசென்ஸ் கொடுங்க" என்ற பேச்சு டீக்கடையில்கூடக் கேட்கிறது. புதிதாக வாங்குவது உங்கள் யோசனைக்கும் அதிகாரிகளின் முடிவுக்கும் உட்பட்டது. இந்தக் குறிப்புகள் ஏற்கெனவே உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு. அதிலும் தோட்டாவைப் பற்றித்தான் அதிகம். துப்பாக்கியை எல்லோரும் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள், தோட்டாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1. முதலில் எண்ணுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பது உங்கள் உரிமத்திலேயே எழுதியிருக்கும். வாங்கியது, சுட்டது, மிச்சம் என்று மூன்று பத்தி போட்ட ஒரு சின்ன நோட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அமாவாசையன்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நல்லது, நாள் மறக்காது. ஒன்று குறைந்தாலும் வீடு முழுக்கத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்குங்கள். "ஒரு தோட்டாதானே" என்று விட்டால், அது வேறெங்காவது கிடைக்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

2. துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு இன்னொரு பூட்டு. இரண்டும் ஒரே பீரோவில் வேண்டாம், ஒரே சாவிக்கொத்திலும் வேண்டாம். ரைஃபிளாக இருந்தால் போல்ட்டைக் கழற்றி மூன்றாவது இடத்தில் வைக்கலாம். ஆபத்து நேரத்தில் கைக்கு வராதே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தோட்டத்து வீட்டில் பெரும்பாலான நேரம் இருப்பது வயதானவர்கள். அவர்கள் களத்தில் கட்டில் போட்டுத் தூங்கும்போது உள்ளே நுழைகிறவன் கையில் முதலில் சிக்குவது பீரோதான். தோட்டா நிரப்பிய துப்பாக்கி அவனுக்குக் கிடைப்பதைவிட உங்களுக்கு இரண்டு நிமிடம் தாமதமாவது மேல். தனி வீட்டுக்கு முதல் காவல் நாய், வெளிச்சம், கேமரா, கூப்பிட்டால் வரும் பங்காளி. துப்பாக்கி இந்த வரிசையில் கடைசி.

3. வைக்கும் இடம். அட்டாலி வேண்டாம், ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் கை வைக்க முடியாது. மோட்டார் ரூம் வேண்டாம், ஈரமும் டீசலும். சாமி அறையில் விளக்கு, சமையலறையில் அடுப்பு. காரின் டேஷ்போர்டு எல்லாவற்றிலும் மோசம். உள்ளறையில், வெளிச்சுவரை ஒட்டாத, தரையிலிருந்து இரண்டடி உயர்ந்த அலமாரிதான் சரியான இடம். புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள். அது தானாகவே மெல்ல மெல்லச் சிதையும் குணமுடையது. அதைத் தடுக்க ஒரு நிலைநிறுத்திப் பொருளைக் கலந்துதான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். வெப்பம் கூடக்கூட அந்தக் காப்பு சீக்கிரம் தீரும். இந்த மருந்தைச் செய்யும் பழைய ஆலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: குன்னூருக்கு அருகே அருவங்காட்டு கார்டைட் ஃபேக்டரி. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். வெள்ளைக்காரன் 1900-களின் தொடக்கத்தில் மலைமேல் போய் அதைக் கட்டினான்.

4. ஈரம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் பாசனத் தோட்டத்து வீட்டுக்குள் ஒரு குளுமை ஏறி நிற்கும், தெரியும்தானே. தோட்டாவுக்கு அது ஆகாது. ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுங்கள். அரிசி, உப்பு எல்லாம் போட வேண்டாம். ஒன்று தூசி விடும், மற்றது பித்தளையை அரிக்கும். தோல் பெல்ட்டில் செருகி ஆணியில் மாட்டுவது பார்க்க மிடுக்காக இருக்கலாம். தோல் பதனிட்ட சத்து பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். பெல்ட் வேட்டைக்குப் போன காலத்துக்கு, அலமாரிக்கு இல்லை.

5. தோட்டாவுக்கு எண்ணெய் போடாதீர்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிப்பது இன்னும் மோசம். நுண்ணிய இடுக்கிலும் ஊறிப் போகத்தான் அந்த எண்ணெயைச் செய்திருக்கிறார்கள். அது அடியிலுள்ள கேப் என்னும் பற்றவைக்கும் மூடிக்குள் இறங்கினால் தோட்டா செத்துப்போகும், அல்லது பாதி உயிரோடு கிடக்கும். பாதி உயிர்தான் ஆபத்து. ஏன் என்பது 12-ஆம் குறிப்பில் வருகிறது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். சென்னிமலையில் துணிக்கா பஞ்சம்!

6. வாங்கிய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஆலை, எந்த லாட், எந்த ஆண்டு என்பது அதில்தான் இருக்கும். பழையதை முதலில் செலவழித்துப் புதியதைப் பின்னால் வையுங்கள், மளிகை அலமாரி மாதிரிதான். பல லாட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால், ஒரு லாட் கெட்டிருந்தாலும் எதுவென்று பிரிக்க முடியாது. நம் நாட்டு 12 போர் தோட்டாக்களும் .315 தோட்டாக்களும் பெரும்பாலும் புனே கட்கியில் 1869-ல் தொடங்கிய அரசு ஆலையிலிருந்து வருபவை. 2021 அக்டோபரில் அரசு ஆயுத ஆலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது கட்கியும் அருவங்காடும் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் போயின. பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் பெயர் வேறாக இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

7. அளவு கலக்காமல் பாருங்கள். ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். தோட்டா போடும் அறை காலியாகத் தெரியும். சுடுகிறவர் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடிக்கும், இடது கை இருக்கும் இடத்தில். இதற்காகவே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் உலகெங்கும் உண்டு. உங்கள் உரிமத்தில் என்ன அளவு என்று எழுதியிருக்கிறதோ அதுவே குழலில் பொறித்திருக்கிறதா, அதுவே தோட்டாவின் அடியிலும் இருக்கிறதா என்று மூன்றையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இடையில் ஒரு விஷயம்: நம் ஊர் ரைஃபிள்களில் .315 அதிகம் இருப்பதற்குக் காரணம் சுடும் திறமை கிடையாது. .303 ராணுவத்தின் அளவு, அது குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் வைத்த தடை. .303 இன்றும் தடைப்பட்ட அளவுதான்.

8. பார்த்ததும் ஒதுக்க வேண்டியவை: பச்சைக் களிம்பு ஏறியது, உடம்பில் நெளிவு விழுந்தது, கூட்டுக்குள் குண்டு ஆடுவது, அடிக் கேப் உள்வாங்கியது அல்லது துருத்தியது. பழைய காகிதக் கூட்டுத் தோட்டா ஈரத்தில் உப்பியிருந்தால் அறைக்குள் நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. தேய்த்துப் பளபளப்பாக்கிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். தனி டப்பாவில் போட்டு, மேலே "சுடக் கூடாது" என்று எழுதி, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படையுங்கள். கிணற்றில் போடுவது, வரப்பில் புதைப்பது, குப்பையோடு கொளுத்துவது மூன்றும் கூடாது. நெருப்பில் விழுந்த தோட்டா வெடித்துப் பித்தளைச் சில்லாகப் பறக்கும்.

9. இனி, பலர் கேட்கும் விஷயம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தன் கேரேஜில் சின்ன அளவு ரைஃபிளுக்குத் தானே தோட்டா செய்துகொள்கிறார், வீடியோ அனுப்புகிறார், இங்கே நாம் செய்தால் என்ன? கோயம்புத்தூர் லேத் பட்டறையில் ஆகாத வேலை என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் செய்வது இதுதான். சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுகிறார். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே பெட்டித் தோட்டா ஒரு ரைஃபிளில் ஒட்டி ஒட்டி விழும், இன்னொன்றில் சிதறும். அதனால் மருந்தைக் குறைவாகத் தொடங்கி, துளித் துளியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கூட்டின் அடியில் கேப் தட்டையாகிறதா, போல்ட் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அழுத்தம் கூடுகிறது என்பதற்கு அவைதான் அடையாளம். அளவை ஊகத்தில் எடுப்பதில்லை. ஆலைகள் சோதித்து அச்சிட்ட கையேட்டை வரிக்கு வரி பார்த்துத்தான்.

சின்ன அளவில்தான் இது கடினம். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். கூடு சிறியது என்பதால் உள்ளே போகும் மருந்தே ஒன்றரை கிராமை ஒட்டித்தான் இருக்கும், சிலவற்றில் அதிலும் குறைவு. பெரிய தோட்டாவில் மன்னிக்கப்படும் பிழை இங்கே பெரும் பங்காகிவிடும். பார்க்க ஒரே மாதிரி கருகருவென்று இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மெல்ல எரியும், மற்றது சட்டென்று எரியும். டப்பா மாறினால் போச்சு. .223 என்ற சின்ன ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். தோட்டாவின் அந்த அழுத்தம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் எழுகிறது.

சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா உற்பத்திக்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. "விற்கவில்லை, எனக்காகத்தான் செய்தேன்" என்பது சட்டத்தில் விலக்கு ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சட்டத்தின் கண்ணில் தோட்டாவின் உதிரிப் பாகங்களும், அவற்றைச் செய்யும் இயந்திரமும்கூடத் தோட்டா கணக்கில் சேர்ந்தவை. ஆகவே மச்சான் லீவுக்கு வரும்போது பெட்டியில் ஒரு கேப்கூடக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஓடாநிலையில் தீரன் சின்னமலை பீரங்கி வார்த்தார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். அவர் கும்பினியை எதிர்த்துப் போரில் நின்றவர். நமக்கு மிளகாய்த் தோட்டத்துக்கு ஆலைத் தோட்டாவே போதும்.

10. பட்டாசு மருந்தைத் தோட்டாவிலோ நாட்டுத் துப்பாக்கியிலோ போடுவது தற்கொலை. துப்பாக்கி மருந்து குழலுக்குள் வரிசையாக எரிந்து குண்டைத் தள்ள வேண்டும். பட்டாசின் வெள்ளி மருந்து ஒரே அதிர்வில் முடிந்துவிடும், குழல் தாங்காது. அதே வெடியைப் பழத்துக்குள் பொதிந்து பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் கொங்குப் பகுதியின் வெட்கக்கேடு. பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் கிழிந்ததும், யானை கடித்து நாளெல்லாம் பட்டினியில் செத்ததும் கோவை, சத்தியமங்கலம் காட்டோரங்களில் நடந்தவை. பக்கத்துத் தோட்டத்தில் யாராவது வைப்பது தெரிந்தால், வேண்டப்பட்டவர் என்று பார்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

11. .22 தோட்டாவைப் பொம்மை என்று நினைக்கிறார்கள். அதன் குண்டு சுமார் இரண்டு கிலோமீட்டர் போகும். தென்னை மட்டையில் இலக்கு கட்டிப் பழகுகிறவர்கள், மட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? மண்மேடு இல்லாத இடத்தில் சுடக் கூடாது. பாறையிலும் தண்ணீரிலும் பட்டால் குண்டு தெறித்துத் திரும்பும். இந்த .22 தோட்டாவில் கேப் தனியாகக் கிடையாது, அடி விளிம்புக்குள்ளேயே மருந்து பூசியிருக்கும். ஒருமுறை ஊசி அடித்து நசுங்கிய விளிம்பைத் திரும்ப நிரப்ப முடியாது. ஆகவே "மறுபடி நிரப்பிய .22" என்று யாராவது கொடுத்தால் அது எதுவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சுடுவதில் ஆர்வம் இருந்தால் தோட்டம் வேண்டாம், முறையான ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதற்குத் தோட்டா மருந்தே வேண்டாம்.

12. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை அதே திசையில் பிடித்தபடி குறைந்தது முப்பது விநாடி நில்லுங்கள். ஈரம் பட்ட மருந்து சில சமயம் தயங்கித்தான் பற்றும். திறந்த நேரத்தில் பற்றினால் முகத்தில் அடிக்கும். இதைவிடப் பொல்லாதது வழக்கமான சத்தம் வராமல் "புஸ்" என்று அடங்கிப்போவது. குண்டு குழலின் நடுவில் நின்றிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கும். அன்றைக்குச் சுடுவதை நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலியாக்கி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கம்பி விட்டுக் குத்தாமல் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். லேத் பட்டறைக்காரருக்கு எவ்வளவு கைவேலை தெரிந்தாலும் அவரிடம் கொடுக்க வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்பது அதே 5-ஆம் பிரிவு.

13. குளவி! மூன்று மாதம் எடுக்காமல் வைத்த இரட்டைக்குழலுக்குள் மண்குளவி கூடு கட்டியிருக்கும். சுண்டுவிரல் அளவு காய்ந்த மண், குழலை வெடிக்க வைக்க அது போதும். ஒவ்வொரு முறையும் தோட்டா போடுமுன் குழலுக்குள் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வைக்கும்போது வாயில் துணி அடைத்தால் குளவி வராது; ஆனால் அடைத்த துணியை எடுக்க மறந்தால் அதுவும் மண்ணுக்குச் சமம். நீளமான சிவப்புத் துணியாக வெளியே தொங்கும்படி அடையுங்கள், கண்ணில் படும்.

14. துடைக்கும் முறை. முதலில் தோட்டாவெல்லாம் வேறு அறையில். பிறகு துப்பாக்கியைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிக் காலி என்று உறுதி செய்யுங்கள். "காலிதான்" என்று நினைத்துத் துடைத்தபோது வெடித்த கதைகளுக்குக் குறைவே இல்லை. குழலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழியில் உறைந்துவிடும், மற்ற மாதங்களில் பிசுக்காகித் தூசி சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய ஒரு பூச்சு போதும். சுடுவதற்கு முன் அதையும் துடைத்து எடுத்துவிடுங்கள். துணி உறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சித் துரு ஏற்றும். உறை கொண்டுபோகும்போது மட்டும்.

15. சுட்ட காலிக் கூடுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஊதக் கொடுக்காதீர்கள். திருட்டுத்தனமாக நிரப்பி விற்கிறவனுக்குக் கூடுதான் மூலதனம். எண்ணி ஒரு டப்பாவில் வையுங்கள், அடுத்த முறை வாங்கப் போகும்போது கடையில் காட்டலாம். நோட்டுக் கணக்குக்கும் அதுவே சாட்சி.

16. பன்றி, மயில், மான். மலையடிவாரத் தோட்டக்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒரே ராத்திரியில் கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போகும். சட்டமும் இதை அறியாததில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அந்த உரிமம் விலங்கைக் கொல்ல அனுமதி ஆகாது. சத்தம் போட்டு விரட்டத்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுகிறவர் வனத்துறை ஊழியர். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிட்டு, பட்டியலில் உள்ள உரிமதாரரை வைத்துச் சுட முடிகிறது. இங்கே அப்படி இல்லை. அங்கே பார்த்துவிட்டு இங்கே செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். காப்புக்காட்டு எல்லையை ஒட்டியே இருக்கும் சென்னிமலைத் தோட்டங்கள் பல முதல் வகையில்தான் வரும் என்பது எனக்கும் வருத்தம்தான். மயிலைத் தொட்டால் நேரே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஏர் கன்னில் சுட்டாலும் அதே வழக்கு. பழைய சேலையை வேலியாகச் சுற்றிக் கட்டுவது, சோலார் வேலி, இரவுக் காவல் இவற்றில் முடிந்ததைச் செய்து, சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை. அந்தப் பக்கம் தோட்டம் இருப்பவர்கள் விரட்டுவதற்குக்கூடச் சுடாதீர்கள்.

17. கல்யாணம், காதுகுத்து, தேர் எதற்கும் வானத்தில் சுடக் கூடாது. மேலே போன குண்டு எங்கோ ஒரு கூரையில் இறங்கும். 2019 முதல் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூடு தனிக் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

18. பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொன்ன பீரோவைத்தான் அவர்கள் முதலில் திறப்பார்கள். பெரியவர் ஒருவர் காலித் துப்பாக்கியைக் காட்டி, தொட்டால் என்ன ஆகும் என்று பேசிவிடுவது நல்லது. தோட்டா தரையில் கிடந்தால் எடுக்காமல் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாடம். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், குடி இருந்தால், பங்காளித் தகராறு முற்றியிருந்தால், துப்பாக்கியைச் சிறிது காலம் ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த முடிவை வீட்டுப் பெண்கள் எடுத்தால் ஆண்கள் மறுபேச்சுப் பேசாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

19. விமானத்தில் போகுமுன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். வேட்டிப் பையில், பழைய கோட்டுப் பாக்கெட்டில், காரிலிருந்து எடுத்த கைப்பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா ஸ்கேனரில் தப்பாது. விமானம் போய்விடும், நீங்கள் ஸ்டேஷனில் இருப்பீர்கள்.

20. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரும். கடைசி நாள்வரை காத்திராமல் முதல் வாரமே கொடுங்கள். கொடுக்குமுன் எண், பழைய கீறல், கட்டை உடைசல் எல்லாம் தெரிய ஃபோனில் படம் எடுத்து, ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டா எண்ணிக்கையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கியதும் முதல் வேலை எண்ணெய்த் துணி. மாதக்கணக்கில் யாரும் துடைத்திருக்க மாட்டார்கள்.

21. கடைசியாக உரிமப் புத்தகம். பலரிடம் இருப்பது கோயம்புத்தூர் மாவட்டம் என்றோ பெரியார் மாவட்டம் என்றோ முத்திரை விழுந்த பழைய புத்தகம்; 1979-ல் மாவட்டம் பிரியுமுன்பும் பிரிந்த பின்பும் கொடுத்தவை. முத்திரை பழசாக இருப்பதில் தவறில்லை, தேசியப் பதிவில் ஏற்றிய தனி அடையாள எண் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத உரிமம் செல்லாது. 2019 முதல் உரிமம் ஐந்தாண்டுக்கு. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமதாரர் இறந்துவிட்டால் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உரிமம் அவரோடு போய்விட்டது, அதன் பிறகு பீரோவில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். உடனே ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ தோட்டாவோடு சேர்த்து ஒப்படைத்து, வாரிசு பெயருக்கு விண்ணப்பியுங்கள். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது: உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டு ஆனாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016 விதிகள் இடம் கொடுக்கின்றன. அப்பாரு திடமாக இருக்கும்போதே இதைப் பேசி முடியுங்கள். வாரிசுகளில் யாருக்கும் வேண்டாம் என்றால் உரிமத்தை ஒப்படைத்துத் துப்பாக்கியைக் கடையில் விற்றுவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே புத்தகத்தை எடுத்து, முடியும் தேதி என்ன என்று பாருங்கள். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் நாளைக்கே விண்ணப்பத்தை எழுதிவிடுங்கள்.